ஏழாவது கட்டம்

ரேமோன் போன் செய்தபோது அருள்முருகன் கல்லூரி நூலகத்தில் புதுப் புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தான். ரேமோன் அவன் மாமனார். மனைவி மரி-லோர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. இந்தப் பதினான்கு மாதத்தில் அவர் பேசுவது இது மூன்றாவது தடவை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? வூட்டுக்கு வா. ஒரு ஃபாரம் நெரப்பணும்."

"சரி மாமா."

எதற்கான ஃபாரம் என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மரி-லோரின் தம்பி அலெக்சிக்கும் அதே நோய்தான். இதயம் பெருத்து, தளர்ந்து, ஊறிப்போன பை மாதிரி ஆகிவிடும் நோய். அக்காவுக்கு முப்பத்தொன்றில் வந்தது. தம்பிக்கு இருபத்தொன்பதிலேயே வந்துவிட்டது.

மறுநாள் சாரம் பேட்டையில் ரேமோன் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் அலெக்சி சாய்வு நாற்காலியில் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதில் மார்க்கரால் ஐந்து கோடுகள். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தண்ணீர். மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது. முதல் கோட்டுக்கு இன்னும் இரண்டு விரல் மிச்சம் இருந்தது.

"வாங்க மச்சான். என்னா, எளச்சிட்ட? எனக்குத்தான் நோவுன்னு நெனச்சேன்."

"எப்படி இருக்க?"

"காலு மட்டும் குண்டாயிட்டுது. மத்தபடி ஹீரோதான்."

வியாதி வருவதற்கு முன் அலெக்சி, பிரான்சிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களைக் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் அழைத்துப்போய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அதில் பாதி அவன் கட்டிய கதை. அதைக் கேட்டுத்தான் அவர்கள் நிறையக் கைதட்டுவார்கள் என்று மரி-லோர் சொல்லுவாள்.

பூசைக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு ரேமோன் உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு துணிப்பை. பதினைந்து வருடம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் சின்னப் பிள்ளைகூட 'சொல்தா வீடு', பட்டாளத்தான் வீடு, என்றுதான் வழி சொல்லும். பென்ஷன், பாஸ்போர்ட், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நாட்டின் பெயரால் வந்தவை. அந்தப் பெயரைச் சொன்னால் எந்த வாசலும் திறக்கும் என்பது அவர் வாழ்க்கையில் கண்ட அனுபவம். வறட்டு நம்பிக்கை என்று யாரும் அதைச் சொல்லிவிட முடியாது.

மேசை மேல் இருந்த தாள்களை அவர் காட்டினார். சென்னை ஆஸ்பத்திரியின் விண்ணப்பம். இதயத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கானது. அருள்முருகனுக்கு அது பழக்கமான தாள். மேலே அதே நீலப் பட்டை. அதே மங்கலான எழுத்து. ஏழாவது கட்டத்தில், நாட்டுரிமை.

"நீ எழுதினாத்தான் திருத்தமா இருக்கும். ஏழாவதுல பிரெஞ்சுன்னு பெரிய எழுத்துல எழுது. பாஸ்போர்ட் காப்பி பின்னால வெச்சிரு. அவளுக்குச் செஞ்ச மாதிரியே."

"சரி மாமா."

"அவளுக்குத்தான் பொருத்தமா ஒண்ணும் வரல. இவனுக்கு வரும். பிரெஞ்சுக்காரன்னா கொஞ்சம் கவனிச்சுப் பாப்பானுங்க."

பெரிய மார்க்கெட்டில் மீன் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"பேனாவ எடுத்துட்டியா?" என்றான் அலெக்சி.

"எடுத்துட்டேன்."

"ஏழாவதுல இந்தியன்னு எழுது."

அருள்முருகன் அவனைப் பார்த்தான்.

"என்னா பாக்கற? எனக்கு எல்லாம் தெரியும். நாலு மாசமா படுத்துக்கிட்டு வேற என்னா செய்றேன்? உலகத்துல எங்கெங்க இந்த ஆப்பரேஷன் பண்றான், எவனெவன் எத்தினி வருஷம் காத்துக்கெடக்கறான், எல்லாம் படிச்சிட்டேன். பாதி நாட்டுல இது கெடையவே கெடையாது. அங்க பொறந்தவன் நேரா சிமெத்தியேர்தான், கல்லறைக்கு. நம்ம ஊரு பரவால்ல. ஆனா இங்க மொதல்ல இந்த மாநிலத்தாளு. அப்புறம் மத்த மாநிலத்தாளு. இவ்ளோ பேர்ல ஒருத்தருக்கும் ஒத்து வரலன்னாத்தான் வெளிநாட்டாளு. நான் சாரத்துல பொறந்த வெளிநாட்டாளு."

"ம்."

"எப்பவோ எடுத்த ஆதார் இருக்கு. அட்மிஷனே அதுலதான் போட்டிருக்கான். இந்தியன்னு எழுது. பப்பாகிட்ட சொல்லாத. அவருக்குத் தெரிஞ்சா துப்பாக்கி எடுப்பாரு."

"எழுத மாட்டேன்."

"ஏன்?"

"பொய்யி."

"அக்காவுக்கு நெஜத்த எழுதின. என்னாச்சு?"

கேட்டுவிட்டு அலெக்சியே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. அருள்முருகன் பேனாவை மூடினான்.

மரி-லோருக்கு அந்தக் கட்டத்தை அவன்தான் நிரப்பினான், ரேமோன் சொன்னபடி, பெரிய எழுத்தில். மறுநாள் ஆஸ்பத்திரியில் பட்டியலைக் கவனிக்கும் பெண் அவனையும் மரி-லோரையும் மட்டும் அழைத்து உட்காரவைத்து, அந்த வரிசையைப் பொறுமையாக விளக்கினாள். விளக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அப்படியானால் பிரான்சுக்கே போய்விடலாமா என்று மரி-லோர் கேட்டாள். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். விமானத்தில் ஏறும் நிலையை அவள் ஒரு மாதத்துக்கு முன்பே தாண்டியிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் அவனிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். அதை அவன் காப்பாற்றி வந்திருக்கிறான்.

"டாக்டர் உன்னப் பறக்கலாம்னு சொன்னாரா?" என்று கேட்டான்.

"இந்த மாசம்னா பறக்கலாமாம். கூட ஆளு வேணுமாம். அடுத்த மாசம் கேட்டா சொல்ல முடியாதாம்."

"அப்ப போ."

"எங்க? பிரான்சுல ஜிஸ்லேன் அத்த வூட்டுக்கா? அங்க மட்டும் தட்டுல வெச்சுக் குடுக்கறானா? அங்கயும் பட்டியல்தான். இங்க நான் வெளிநாட்டான். அங்க போனா எங்கேர்ந்துடா வந்தேம்பான்."

"அங்க கடைசியில நிக்க வேணாம்."

"கூட யாரு வருவா? நீ வருவியா?"

அவனால் போக முடியாது. கல்யாணம் பிடிக்காத கோபத்தில் ரேமோன், பிரெஞ்சு அரசு தந்த குடும்பப் பதிவுப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அது இல்லாமல் கோன்சுலாவில், பிரெஞ்சுத் தூதரகத்தில், திருமணம் பதிவாகவில்லை. கோபம் தணிந்து அவர் கொடுத்தபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது இவன் விசாவுக்கு நின்றால் மாதக்கணக்கில் ஆகும்.

"மாமா வரணும்."

"பப்பாவா? குளிர்ல முட்டி போச்சுன்னுதான் இங்க வந்து ஒக்காந்திருக்காரு. அந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்றாரு. சென்னையிலயே ராஜ மரியாதையாச் செய்வான்னு வேற நெனச்சிக்கிட்டிருக்காரு." அலெக்சி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். குடிக்காமலே வைத்தான். "சரி, அது போவட்டும். அக்காவுக்கு வர வேண்டிய இதயம் யாருக்குப் போச்சுன்னாவது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அலெக்சி நிமிர்ந்து உட்கார்ந்தான். "காட்டு."

ஆட்டோவில் போனார்கள். அலெக்சி இரண்டு தலையணையை எடுத்துக்கொண்டு ஏறினான். மூலக்குளத்தில் அருள்முருகன் குடியிருக்கும் மாடிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே மாஸ்க் போட்ட ஒரு பெண் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நிர்மலாதேவி. நாற்பது வயது. புருஷன் பஸ் கண்டக்டர்.

"என்னா தம்பி, இன்னொரு சட்டையா?" என்றாள். பிறகு அவனுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவனைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தாள். எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"மொதல்ல ஒக்காரு. நெஞ்சு எத்தினி பர்சென்ட்டு வேல செய்யுது?"

அலெக்சி சிரித்தான். "இருபது."

"நான் பதினெட்டுல இருந்தேன். தண்ணி?"

"ஒரு லிட்டர்."

"குடுத்து வெச்சவன். எனக்கு முக்கால்தான். ஐஸ் கட்டிய வாயில போட்டு அதக்கிக்கோ. தாகமும் அடங்கும், கணக்கும் ஏறாது. யாரு தம்பி இவரு?"

"மச்சான். மரி-லோர் தம்பி."

அவள் கை சற்று நின்றது. பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"மூக்கு அப்படியே இருக்கு" என்றாள். "பக்கத்து பெட்டுதான் எனக்கு. வாய் ஓயாது அதுக்கு. நர்ஸு மாதிரி நடந்து காட்டும். சிரிச்சா எனக்கு மூச்சு வாங்கும், சிரிக்க வெக்காதடின்னு திட்டுவேன்."

"எனக்கும் அப்படித்தான் செய்வா" என்றான் அலெக்சி.

"எனக்கு முன்னாலயே வந்த பொண்ணு. என்னவிட முடியாம வேற இருந்துது. அதுக்குத்தான் மொதல்ல வரும்னு நெனச்சிருந்தேன். ஒருநாளு காலையில கூப்டாங்க. என் பேர. நான் அதத்தான் திரும்பிப் பாத்தேன். அதுக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ட்ராலில ஏத்தினப்ப கைய நீட்டி என் ஜடைய எடுத்து முன்னால போட்டுச்சு. சக்கரத்துல மாட்டிக்கும்க்கா, மொட்டையாயிடுவீங்கன்னுச்சு."

வெளியே வில்லியனூர் சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"இப்ப எப்படி இருக்குக்கா அது?" என்று கேட்டான் அலெக்சி.

"இதுவா?" அவள் மார்பைத் தொடவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோல் சொன்னாள். "கொஞ்சம் வேகமாவே ஓடும். மாடி ஏறினா ஒடனே தெரியாது அதுக்கு. மெதுவாத்தான் புரிஞ்சிக்கும். மேல போயி ஒக்காந்தப்புறம்தான் படபடன்னு அடிக்கும். எனக்கு முன்னால கோவம் வரும், அப்புறமாத்தான் அதுக்கு வரும். அதுக்குள்ள சண்டயே முடிஞ்சிடும்."

அலெக்சி சிரிக்க ஆரம்பித்து இரும ஆரம்பித்தான். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு நாடாவை எடுத்தாள். "வந்ததுதான் வந்த. அளவு குடுத்துட்டுப் போ. ஒடம்பு தேறினா மாத்திக்கலாம்."

திரும்பும்போது ரெட்டியார்பாளையம் தாண்டும் வரைக்கும் அலெக்சி தலையணையைக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி சட்ட தெச்சிருக்க அங்க?"

"பதினொண்ணு."

"போட்டுக்கறியா?"

"ரெண்டு."

"அந்தம்மா மேல கோவம் வரலியா?"

"இல்ல."

"புளுகாத."

அருள்முருகன் யோசித்தான். "மொத தடவ போனப்ப இருந்துச்சு. பாக்கத்தான் போனேன். சும்மா நிக்க முடியாம சட்டத்துணி குடுத்தேன். அளவு எடுக்கும்போது கழுத்துல அவங்க கை பட்டுச்சு. ஜில்லுன்னு இருக்கும்னு நெனச்சேன். சூடா இருந்துச்சு."

மரி-லோரின் கை கடைசி ஆறு மாதம் ஜில்லென்று இருந்தது. அலெக்சியிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

"இந்தியன்னு எழுதினா இப்படி ஒரு அக்கா ஒரு எடம் பின்னால போவும். அதான சொல்ல வர்ற?"

"நான் ஒண்ணும் சொல்ல வரல."

"அப்புறம் எதுக்குக் கூட்டிட்டுப் போன?"

"நீ காட்டுன்ன."

அலெக்சி தலையை ஆட்டினான். "ஒரு ஆளுகிட்ட பேசறாப்பலயே இல்ல, உங்கிட்ட பேசறது." பிறகு கொஞ்சம் தூரம் போனதும், "பப்பா வரமாட்டாரு மச்சான்" என்றான். குரலில் விளையாட்டு இல்லை. "சென்னையில செஞ்சிடுவான்னு நம்பற வரைக்கும் வரமாட்டாரு. அந்த நம்பிக்கய நான் ஒடைக்க முடியாது. அதுல அக்காவும் சேந்து ஒடைஞ்சிடும்."

"நான் சொல்றேன்."

"என்னான்னு சொல்லுவ?"

ஆட்டோ சாரத்துத் தெருவுக்குள் திரும்பியது.

ரேமோன் கொல்லைப்பக்கத்துக் குழாயடியில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கெளுத்தி. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு பனியனோடு இருந்தார். மதில் மேல் பூனை காத்திருந்தது.

"எங்க போனீங்க? அவன எதுக்கு அலைய விடற? ஃபாரம் முடிஞ்சுதா?"

"முடியல மாமா."

"ஏன்?"

அருள்முருகன் துவைக்கிற கல்லின் விளிம்பில் உட்கார்ந்தான். நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அவனுக்குப் படவில்லை.

"ஏழாவது கட்டத்துல பிரெஞ்சுன்னு எழுதினா பேரு கடைசிக்குப் போயிடும். வெளிநாட்டுக்காரங்களுக்குக் கடைசிலதான் குடுப்பாங்க. அதான் வெதி."

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரிலயே சொன்னாங்க."

"எப்ப?"

"அவ இருக்கறப்பவே."

கத்தி மீனின் வயிற்றில் பாதியில் நின்றது. பிறகு மீதியையும் கிழித்தது. ரேமோன் குடலை எடுத்து ஓரமாகப் போட்டார். அடுத்த மீனை எடுத்தார். அதையும் முடித்தார்.

"அவளுக்குப் பொருத்தமா வந்துச்சா?"

"ஒரு தடவ வந்துச்சு."

"அது?"

"முன்னால இருந்தவங்களுக்குப் போச்சு."

"எழுதச் சொன்னது நானு."

"எழுதினது நான். அதுல பொய் ஒண்ணும் இல்ல மாமா. அவ பிரெஞ்சுதான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா."

"என்னா சொன்னா? அவ சொன்னத அப்படியே சொல்லு."

அருள்முருகன் சொன்னான். "பப்பாவுக்கு இருக்கற பெரும அது ஒண்ணுதான், அதையும் புடுங்கிடாதன்னா."

பூனை இறங்கி வந்து தட்டிலிருந்து ஒரு முழு மீனைக் கவ்விக்கொண்டு போனது. ரேமோன் அதைப் பார்த்தார். விரட்டவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினார். சோப்பு போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார். தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஓடி பனியனை நனைத்தது.

"சத்தியத்த ஏன் ஒடைச்ச?"

"அவன் பறக்கறதுக்கு இந்த மாசம்தான் இருக்கு. கூட நீங்கதான் போவ முடியும். நான் போவ முடியாது."

நான் போக முடியாததற்கு நீங்கதான் காரணம் என்று அவன் சொல்லவில்லை. ரேமோனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் குழாயை மூடிவிட்டு வெகுநேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க போனா கெடைச்சிருமா?"

"தெரியாது மாமா. அங்கயும் காத்திருக்கணும். வரிசையில மத்தவங்களோட சேந்து நிக்கலாம்."

ரேமோன் உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது, பட்டாளத்துக் குரல். "அலெக்சி! ஜிஸ்லேன் நம்பர் இருக்கில்ல உங்கிட்ட? நீயே பேசு. நான் பேசினா சண்ட வந்துரும். நன்றி, மெர்சின்னு மட்டும் நான் சொன்னதாச் சொல்லு."

அருள்முருகன் மிச்ச மீனை மூடி வைத்துவிட்டு உள்ளே வந்தான். அலெக்சி போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். மணி அடித்துக்கொண்டிருந்தது. அங்கே இன்னும் காலை. காத்திருக்கும்போது அவன் பாட்டிலை எடுத்து இரண்டாவது கோடு வரைக்கும் குடித்தான். கையில் கிடைத்த தாளின் மேல் வைத்தான். ஆஸ்பத்திரி ஃபாரம். ஏழாவது கட்டத்தைச் சுற்றி ஈர வட்டம் ஒன்று விழுந்தது.

அன்று அருள்முருகனும் அங்கேயே சாப்பிட்டான். அலெக்சிக்கு உப்பில்லாத குழம்பு. ரேமோன் தனக்கும் அதையே ஊற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை அருள்முருகன் மூலக்குளம் கடைக்குப் போனான். கையில் ஒரு கோட்டு. சாம்பல் நிறக் கம்பளி, பாச்சை உருண்டை வாசனை. ரேமோன் முப்பது வருடத்துக்கு முன்னால் வாங்கியது. போட்டுப் பார்த்தபோது தோளில் தொங்கியது. மனிதர் வற்றிப்போயிருந்தார்.

"சனிக்கெழம காலையில பிளேன் ஏறறாங்கக்கா. நாளைக்கு வேணும்."

நிர்மலாதேவி கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். உள் துணியைப் பிரித்துத் தையலை விரலால் தடவினாள். சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு பக்கமும் கோடு போட்டாள்.

"கூடப் போறவருக்கா?"

"ஆமா."

"டாக்டர் பறக்கலாம்னு எழுதிக் குடுத்தாரா?"

"குடுத்தாரு. நேத்து."

கத்தரிக்கோலை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள்.

"வெட்டல. மிச்சத்த உள்ளயே மடிச்சுத் தெச்சுடறேன். அங்க குளிர்ல உள்ள ஸ்வெட்டர் போடுவாரு. ஆறு மாசம், ஒரு வருஷம் ஆனாலும் ஒக்காந்து சாப்பிட்டு ஒடம்பு வந்தா பிரிச்சு வுட்டுக்கலாம். வெட்டிட்டா திரும்ப வராது."

"சரிக்கா."

மெஷின் ஓட ஆரம்பித்தது. அவன் முக்காலியில் உட்கார்ந்தான். அலெக்சியின் சட்டை தைத்து முடிந்து, பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு கொடியில் தொங்கியது. நீலக் கட்டம் போட்டது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதையும் எடுத்துட்டுப் போ" என்றாள் அவள், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். "உனக்கு? இந்த மாசத்துத் துணி கொண்டாரலியா?"

"இல்லக்கா" என்றான். "போதும்."